பழைய வண்டி பிரிக்கும் தொழில்: லாபம் இரும்பு எடையில் இல்லை

மளிகைக்காரர்கள் படிக்கிற இதழில் காயலாங்கடைச் சமாசாரம் எதற்கு என்று உறுப்பினர்கள் சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. கடையில் உட்காரப் பிள்ளைகளுக்கு நாட்டம் குறைந்து வருகிறது. வேறு என்ன தொழில் செய்யலாம் என்று சங்கக் கூட்டத்துக்கு வருகிறவர்களே கேட்கிறார்கள். பழைய வண்டியை வாங்கிப் பிரித்து விற்கும் தொழிலைப் பற்றி இப்போது நிறையப் பேர் விசாரிக்கிறார்கள். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நம்மில் அநேகர் கடைப் பின்புறத்தில் எஃப்.சி. முடிந்த ஒரு குட்டி யானையோ, டயர் இறங்கிய ஒரு 407-ஓ நின்றுகொண்டிருக்கிறது. அதைத் தள்ளிவிடத் தெரியாமல் தள்ளிவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. அந்தப் பட்டியலில் நாங்களும் இருக்கிறோம். அதைப் பின்னால் சொல்கிறோம்.

நாங்கள் விருதுநகரில் பருப்பு, மல்லி, வற்றல் மொத்த வியாபாரம் செய்கிறவர்கள். இரும்பைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது எடைக்கல் அளவுக்குத்தான். இந்தத் தொழிலை எங்களுக்குக் காட்டியது எங்கள் அக்காள் மகன். பத்தாவதுக்கு மேல் படிப்பு ஏறவில்லை. 2011-ல் சென்னை புதுப்பேட்டையில் ஒரு பாய் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். எழும்பூர் பக்கம் கூவம் கரையை ஒட்டி இருக்கும் அந்தப் பேட்டையைப் பார்க்காதவர்கள் ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டும். ஒரு கடையில் கியர் பாக்ஸ் மட்டும், அடுத்த கடையில் ஹெட்லைட் மட்டும், அதற்கடுத்து கண்ணாடி மட்டும், சீட் மட்டும் என்று பிரித்து வைத்திருப்பார்கள். நம் பழைய கொத்தவால் சாவடியில் வெங்காய மண்டி, புளி மண்டி என்று தனித்தனியாக இருந்ததைப் போலத்தான். வாடிக்கையாளர் உடைந்த சாமானைக் கையில் கொண்டுவந்து, 'இதே மாதிரி வேணும்' என்று நீட்டுவார். கடைப் பையன் அதைத் திருப்பிப் பார்த்து, எந்த வண்டி, எந்த வருஷம் என்று சொல்லிவிடுவான். அந்தக் கண் வருவதற்கு எங்கள் மருமகனுக்கு மூன்று வருஷம் ஆயிற்றாம்.

ஏழு வருஷம் அங்கே நின்றுவிட்டு 2018-ல் தனியாகத் தொழில் ஆரம்பிக்கிறேன் என்று வந்தான். சென்னைக்கு வெளியே செங்குன்றம் பக்கம் ஓர் இடம் குத்தகைக்குப் பேசியிருந்தான். மொத்த முதல் 12 லட்சம். அதில் 5 லட்சம் எங்களிடம் கேட்டான்.

"இரும்பு என்ன விலைக்குப் போகிறது?" என்று கேட்டோம்.

"மாமா, இரும்பைப் பார்த்து இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது" என்றான்.

அவன் அன்றைக்குச் சொன்ன கணக்கை அப்படியே எழுதுகிறோம். ஒரு மாருதி 800 காரின் எடை ஏறக்குறைய 650 கிலோ. காரில் இரும்பும் எஃகும் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்தால் 420 கிலோ சொச்சம். கிலோ 30 ரூபாய் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொண்டால் 12,600 ரூபாய். அந்தக் காரை வாங்க 15,000 கொடுத்திருப்போம். ரெக்கவரி வண்டிக் கூலி, பிரிக்கும் ஆள் கூலி, ஆக்சிஜன் சிலிண்டர், இட வாடகை, வட்டி எல்லாம் தனி. எடைக்குப் போட்டால் கையை விட்டுத்தான் போகும். லாபம் வருவது இன்ஜின், கியர் பாக்ஸ், செல்ஃப் மோட்டார், ஆல்டர்னேட்டர், கதவு, ஹெட்லைட் இவற்றை உருப்படியாகக் கழற்றி உருப்படியாக விற்பதில். மிஞ்சிய கூடுதான் எடைக்கு.

இது எங்களுக்கு உடனே புரிந்தது. எங்கள் ஊர் பருப்பு மில்காரர்கள் செய்வதும் இதுதானே. 100 கிலோ துவரை உடைத்தால் 70 கிலோ சுமாருக்குப் பருப்பு. மீதி குருணை, பொட்டு, தூசி. பருப்பு விற்ற பணம் துவரை வாங்கின விலைக்கும் கூலிக்கும் சரியாகப் போய்விடும் நாட்கள் உண்டு. அன்றைக்கு மில்லை ஓட்டுவது மாட்டுத் தீவனத்துக்குப் போன பொட்டும் குருணையும்தான். துவரை மூட்டையில் கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்த்தவுடனேயே இது எவ்வளவு பருப்பு கொடுக்கும் என்று சொல்லத் தெரிந்தவன்தான் மில் நடத்த முடியும். வண்டி பிரிக்கிறவனும் நிற்கிற வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, இதில் கழலக்கூடியது எத்தனை ரூபாய்க்கு என்று மனதில் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் விலை சொல்ல வேண்டும். பணத்தைக் கொடுத்தோம்.

முதல் வருஷம் நஷ்டம். கொஞ்ச நஞ்சமில்லை. நாங்கள் நேரில் போய்ப் பார்த்தோம். இடம் நிறைய வண்டி. அம்பாசிடர் இருக்கிறது, பியட் இருக்கிறது, மட்டடார் இருக்கிறது, பேர் தெரியாத வெளிநாட்டுக் கார் ஒன்று இருக்கிறது. "இத்தனையும் சல்லிசாகக் கிடைத்தது மாமா" என்றான். சல்லிசாகக் கிடைத்ததால்தான் வாங்கியிருக்கிறான். ரோட்டில் ஓடாத வண்டிக்கு உதிரி பாகம் யார் கேட்பார்கள்? மழையில் நனைந்து துருப்பிடித்துக் கடைசியில் எடைக்குத்தான் போயிற்று. மளிகையில் இதைப் படுத்த சரக்கு என்போம். மலிவாக வருகிறதே என்று பத்து மூட்டை ராகி வாங்கிப் போட்டு வண்டு விழவிட்ட அனுபவம் நம்மில் யாருக்கு இல்லை.

அங்கேயே இரண்டு நாள் தங்கிக் கணக்கு எழுதக் கற்றுக்கொடுத்தோம். நாங்கள் அவனுக்குச் செய்த உபகாரம் 5 லட்சத்தைவிட இதுதான் என்று இப்போது அவனே சொல்கிறான். முறை எளிது. ஒரு வண்டிக்குப் பேரேட்டில் ஒரு பக்கம். பற்றில் வாங்கிய விலை, இழுத்து வந்த கூலி, பிரித்த கூலி, தரகு. வரவில் அந்த வண்டியிலிருந்து விற்ற ஒவ்வொரு உருப்படியும், விற்ற தேதியோடு. இதற்கு முன் அவன் எல்லா வரவையும் ஒரே நோட்டில் மொத்தமாக எழுதி வந்தான். எந்த வண்டி சம்பாதித்தது, எந்த வண்டி தின்றது என்று தெரியவே தெரியாது. தனித்தனிப் பக்கம் எழுதி இருபது வண்டி முடிந்தபோது விஷயம் வெளிச்சமாயிற்று. லாபம் கொடுத்த வண்டி எல்லாவற்றிலும் வாங்கின முதல் 45 நாளுக்குள் திரும்பிவிட்டிருந்தது. அதுவும் ஆறேழு உருப்படியில். 45 நாளில் முதல் வராத வண்டி பிறகும் பெரிதாக எதுவும் கொடுக்கவில்லை. இடத்தை அடைத்துக்கொண்டு வாடகையைத் தின்றது.

அதன் பிறகு அவன் தொட்டது மூன்று வண்டிதான். டாடா ஏஸ் என்கிற குட்டி யானை, மாருதி ஆம்னி, டாடா 407. குட்டி யானை சந்தைக்கு வந்தது 2005-ல். முதலில் வந்த வண்டிகள் எல்லாம் 20 வயதைத் தாண்டிவிட்டன. ஆனால் அதே வண்டி இன்னும் ஆயிரக்கணக்கில் தண்ணீர் கேனும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு ஓடுகிறது. செத்த வண்டியும் நிறைய, ஓடுகிற வண்டியும் நிறைய என்றால் அதுதான் இந்தத் தொழிலுக்குத் தோதான சரக்கு. ஓட்டுகிறவர் அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் செலவழிக்கிறவர். புதுப் பாகத்துக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் சொல்கிற விலை அவருக்குக் கட்டாது. பாதி விலைக்குப் பழையது நல்லதாகக் கிடைத்தால் அன்றைக்கே வண்டி ரோட்டுக்கு வந்துவிடும்.

வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பட்டறை மெக்கானிக்குகள். அவர்களும் நம் சில்லறைக் கடைக்காரர்கள் மாதிரிதான். கடன் கேட்பார்கள், சனிக்கிழமை தருகிறேன் என்பார்கள், எந்தச் சனிக்கிழமை என்று சொல்லமாட்டார்கள். வெளியூர் மெக்கானிக்குக்கு லாரி சர்வீஸில் பார்சல் போட்டால் பணம் முன்னால் வந்தாக வேண்டும் என்று கட்டுத்திட்டம் வைத்துக்கொண்டான். சாமானுக்கு ஏழு நாள் மாற்று உண்டு, பணம் திரும்பக் கிடையாது. இதில் ஒரு சூட்சுமம். ஒவ்வொரு உருப்படியிலும் கண்ணுக்கு எளிதில் படாத இடத்தில் பெயிண்ட்டால் ஒரு குறி போடுகிறான். இல்லையென்றால் நல்ல செல்ஃப் மோட்டாரை வாங்கிப்போய் மாட்டிக்கொண்டு, தங்கள் பழையதைக் கொண்டுவந்து 'ஓடவில்லை' என்று நீட்டுகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

2020 ஊரடங்கில் யார்டு பூட்டிக் கிடந்தது. வாடகை மட்டும் ஓடியது. அதைக்கூடத் தாங்கிவிட்டான். அடி விழுந்தது 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலுக்குப் பிறகு. சென்னையில் வெள்ளத்தில் மூழ்கிய கார்களை இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஏலத்தில் விட்டன. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அப்படி வாங்கினவர்களில் சிலர் நன்றாகச் சம்பாதித்ததைப் புதுப்பேட்டையில் இருந்தபோது பார்த்திருக்கிறான். அந்த ஆசையில் மூன்று வண்டி எடுத்தான். வெளியே பார்த்தால் கீறல் இல்லை, பெயிண்ட் பளபளவென்று இருக்கிறது. ஆனால் தண்ணீருக்குள் ஸ்டார்ட் செய்து பார்த்திருக்கிறார்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்து கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. இந்தக் காலத்துக் காரில் சென்சாரும் கம்ப்யூட்டர் பெட்டியும்தான் விலை. அவையெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தன. கதவும் கண்ணாடியும் பம்பரும்தான் தேறியது. புளியில் தண்ணீர் தெளித்து எடை கூட்டுவதை மோந்தே கண்டுபிடிக்கிற எங்களிடம் கேட்டிருந்தால் தண்ணீர் பட்ட சரக்கைத் தொடாதே என்று சொல்லியிருப்போம். கேட்கவில்லை.

ஆட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேஸ் கட்டிங் செய்கிறவன் கூலிக்குக் கணக்குப் பார்த்துக் கற்றுக்குட்டியை வைக்கக்கூடாது. பெட்ரோல் டேங்கைக் காலி செய்துவிட்டோம் என்று தைரியமாக நெருப்பு வைப்பார்கள். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்கு ஆபத்து. உள்ளே நிற்கிற ஆவிதான் வெடிக்கும். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும், ஏர்பேக் இருந்தால் எடுத்துவிட வேண்டும், பெட்ரோல், இன்ஜின் ஆயில், பிரேக் ஆயில், ஏ.சி. கேஸ் எல்லாம் தனித்தனியாக இறக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஸ்பேனரே எடுக்க வேண்டும். ஆயிலை மண்ணில் ஊற்றுகிறவர்கள் உண்டு. அந்த மண்ணுக்குக் கீழேதான் அக்கம்பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் இருக்கிறது.

காகிதம் என்கிற சரக்கு

இனிமேல் எழுதப்போவதுதான் முக்கியம். எங்களிடம் 1998-ல் வாங்கிய ஒரு 407 இருந்தது. 2016-ல் எஃப்.சி. காட்ட முடியாத நிலைக்கு வந்துவிட்டது. உள்ளூர்த் தரகர் ஒருவர் உடைக்கத்தான் வாங்குகிறேன் என்று 82,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தார். ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டார், கொடுத்தோம். 29, 30-ஆம் நம்பர் படிவங்களில் கையெழுத்துக் கேட்டார், எதுவும் எழுதாத படிவத்திலேயே போட்டுக் கொடுத்தோம். வண்டி போனது. நாங்களும் மறந்தோம்.

2019-ல் வேறு மாவட்டத்திலிருந்து விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்தின் சம்மன் வந்தது. எங்கள் நம்பர் வண்டி செங்கல் ஏற்றிக்கொண்டு போகும்போது இரண்டு சக்கர வண்டியில் வந்த ஒருவரை மோதியிருக்கிறது. அவருக்கு ஒரு கால் போய்விட்டது. வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை. தரகர் உடைக்கவில்லை. கைமாற்றி விட்டிருக்கிறார். பெயர் மாற்றமும் செய்யவில்லை. ஆர்.டி.ஓ. கணக்கில் சொந்தக்காரர் நாங்களேதான். விற்றுவிட்டோம் ஐயா என்று சொன்னோம். எங்கள் வக்கீல் 2018 பிப்ரவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டினார். வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று அதில் தெளிவாக இருக்கிறது. கால் இழந்தவர் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. அவர் யாரிடம் போய்க் கேட்பார்? அந்தத் தரகரைத்தான் தேடுகிறோம்.

இதை மருமகனிடம் சொன்னபோது அவன் சொன்னது: "மாமா, அந்த 407-ஐ நான் வாங்கியிருந்தால் சேசிஸ் நம்பர் உள்ள துண்டை வெட்டி உங்கள் கையில் கொடுத்திருப்பேன்." சட்டமும் அதைத்தான் எதிர்பார்க்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவுப்படி, வண்டி இனி ஓடாது என்று ஆகிவிட்டால் 14 நாளுக்குள் அல்லது முடிந்த அளவு சீக்கிரத்தில் பதிவு அலுவலகத்துக்கு எழுதி, ஆர்.சி.யை ஒப்படைத்து, பதிவை ரத்து செய்துகொள்ள வேண்டும். இது நம் கடமை. வாங்குகிறவர் செய்வார் என்று விடக்கூடாது.

விற்கிறவருக்கு இப்படி என்றால் வாங்குகிறவருக்கு வேறு விதமான கண்டம். திருட்டு வண்டி. தெரிந்து வாங்கினாலும், சந்தேகப்பட இடம் இருந்தும் வாங்கினாலும் குற்றம்தான். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 317-ஆம் பிரிவு; மூன்று வருஷம் வரை தண்டனை. விபத்தில் நொறுங்கிய வண்டியின் ஆர்.சி.க்கு மட்டும் நல்ல விலை கொடுக்கிறேன் என்று ஆள் வருவார்கள். திருட்டு வண்டியில் அந்த நம்பரைக் கொத்தி ரோட்டில் விடுவதற்குத்தான். எங்கள் மருமகனிடம் அப்படி வந்தவர்கள் பிரித்து விற்பதில் ஒரு மாதத்தில் கிடைக்கும் லாபத்தை ஒரே காகிதத்துக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவன் மறுத்துவிட்டான். மறுத்ததால் ஒரு தரகர் கூட்டமே அவன் பக்கம் வண்டி அனுப்புவதை நிறுத்திவிட்டது.

அவன் வைத்திருக்கிற ஒழுங்கு இது. வண்டி உள்ளே வரும்போது விற்பவரின் அடையாள அட்டை நகல், வண்டியோடு அவர் நிற்கும் புகைப்படம், சேசிஸ் நம்பரின் பென்சில் அச்சு. வாகன் கணக்கில் நம்பரைப் போட்டு, பைனான்ஸ் பாக்கி பதிவாகி இருக்கிறதா, அபராதம் நிலுவையா என்று பார்ப்பது. பைனான்ஸ் கம்பெனி பெயர் ஆர்.சி.யில் இருந்தால், அவர்கள் தடையில்லை என்று எழுதிக் கொடுக்கும்வரை ஒரு நட்டைக்கூடக் கழற்றுவதில்லை.

2021-க்குப் பிறகு வந்த மாற்றம்

இந்தத் தொழிலை இனி நினைத்தபடி செய்ய முடியாது. 2021 செப்டம்பரில் மத்திய அரசு, பதிவு பெற்ற வாகன அழிப்பு நிலையங்களுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. ஒரு நிலையத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் கட்டணம், 10 லட்சம் ரூபாய்க்கு வங்கி உத்தரவாதம், பதிவு 10 ஆண்டுக்கு. அங்கே வண்டியைக் கொடுத்தால் ஒப்படைப்புச் சான்றிதழ் கொடுப்பார்கள். புது வண்டி வாங்கும்போது அதைக் காட்டினால் மாநில அரசு சாலை வரியில் சொந்த உபயோக வண்டிக்கு 25 சதவீதம் வரையும், சரக்கு வண்டி போன்றவற்றுக்கு 15 சதவீதம் வரையும் சலுகை தரலாம் என்று மத்திய விதி இடம் கொடுத்திருக்கிறது. உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய வண்டிக்கு அவர்கள் கொடுக்கும் விலை, அதே ரகப் புது வண்டியின் ஷோரூம் விலையில் 4 முதல் 6 சதவீதம் வரை இருக்கலாம் என்பது அரசின் மதிப்பீடு.

வண்டி வரத்தும் மாறிவிட்டது. 2022 ஏப்ரலில் 15 ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600-லிருந்து 5,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டில் 20 ஆண்டு தாண்டிய வண்டிக்கு இன்னும் ஏறியது. அரசு வண்டிகளுக்கு 15 ஆண்டுக்கு மேல் பதிவு இல்லை என்று 2023 ஏப்ரல் 1 முதல் விதி. அவை பதிவு பெற்ற நிலையத்துக்குத்தான் போகும், சாதாரண யார்டுக்கு வராது. 2025 ஏப்ரல் 1 முதல் ஆயுள் முடிந்த வாகனங்களுக்கென்று சுற்றுச்சூழல் விதிகளும் அமலுக்கு வந்துவிட்டன. பழைய வண்டிக்கு வண்டி தயாரித்த கம்பெனியும் பொறுப்பு என்று ஆகியிருக்கிறது. கம்பெனிகள் தங்கள் கடமையைக் காட்டப் பதிவு பெற்ற நிலையங்களிடம் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். அதாவது இரும்போடு காகிதமும் விலைபோகும் சரக்காகிவிட்டது. நேர்மையான காகிதத்தைச் சொல்கிறோம்.

வரி விஷயம் நம் உறுப்பினர்களுக்குச் சொல்லாமலே பிடிபடும். 2024 அக்டோபர் 10 முதல், ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவரிடம் பதிவு உள்ளவர் உலோகக் கழிவு வாங்கினால் 18 சதவீத வரியை வாங்குகிறவரே கட்டிவிட்டுப் பிறகு வரவு எடுத்துக்கொள்ள வேண்டும். பதிவு உள்ள இருவருக்குள் இரண்டரை லட்சத்துக்கு மேல் ஒப்பந்தம் என்றால் 2 சதவீதம் பிடித்தம். நஷ்டம் என்று சொல்ல முடியாது, ஆனால் கைமுதல் மாட்டிக்கொள்ளும். கழற்றிய பாகத்துக்கு 28 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆனது ஒரு நல்ல காரியம்.

மருமகன் என்ன செய்தான் என்று சொல்லவில்லையே. 2024-ல் ஒருநாள் வந்து நின்றான். "மாமா, பதிவு இல்லாமல் இனி வண்டியை அறுக்க மாட்டேன். ஒன்று, நாலு பேர் சேர்ந்து நிலையம் போட வேண்டும். இல்லை, இதை விட்டுவிட வேண்டும்" என்றான். கான்கிரீட் தளம், ஷெட், ஆயில் பிரிக்கும் தொட்டி, அமுக்கும் இயந்திரம், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி எல்லாம் சேர்த்துப் பார்த்தோம். எங்கள் குடும்பத்துக்குத் தாங்காது. 'நிலையம் உனக்குப் பெரிது, ஆனால் கழற்றிய சாமானை எடைபோடத் தெரிந்தவர்கள் அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள்?' என்று கேட்டோம். இப்போது அவன் அறுப்பதில்லை. பதிவு பெற்ற நிலையம் ஒன்றில் கழற்றும் குட்டி யானை, ஆம்னி பாகங்களை மொத்தமாக பில் போட்டு எடுக்கிறான். சுத்தம் செய்து, சோதித்து, குறி போட்டு விற்கிறான். வரும்படி முன்னைவிடக் குறைவு. எங்கள் 5 லட்சத்தில் மூன்றேகால் திரும்பி வந்துவிட்டது.

ஆகவே நம் உறுப்பினர் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்வது: பெரிய முதல் இருந்தால் கூட்டாகச் சேர்ந்து பதிவு பெற்ற நிலையம் போடலாம். சின்ன முதல் என்றால் பாக வியாபாரத்தோடு நிற்கலாம். எதுவானாலும் இரண்டு வருஷமாவது யாராவது ஒருவர் கடையில் சம்பளத்துக்கு நிற்காமல் இறங்க வேண்டாம். கடைப் பின்புறம் வண்டி நிற்கிறவர்கள் இந்த மாதமே ஆர்.சி.யைத் தேடி எடுங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துக் கேட்கிறவருக்கு வண்டியைக் கொடுக்காதீர்கள்.

எங்கள் 407 வழக்கில் தீர்ப்பு எங்களுக்கு எதிராக வந்தது. மேல்முறையீடு செய்து, நீதிமன்றம் சொன்ன தொகையைக் கட்டியிருக்கிறோம். அடுத்த வாய்தா பொங்கலுக்குப் பிறகு.